கம்பிவேலி காத்த காடு

செங்கலடிச் சந்தியில் பஸ் படுத்துவிட்டது. இரவெல்லாம் ஓடி வந்த வண்டி, இன்னும் அரை மணி நேரம் ஓடினால் மட்டக்களப்பு என்ற இடத்தில், சந்தைக்கு எதிரே கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. நடத்துநர் இறங்கி இன்ஜினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் அவர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். என் பக்கத்துச் சீட்டு அம்மாள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே இறங்கினார். பஸ் நின்றால் அட்டையோடு இறங்க வேண்டும் என்று வருடக்கணக்காகப் பழகிய கை. போர் முடிந்து வந்த முதல் தை மாதம் அது.

சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பாணும் பருப்புக் கறியும் தேங்காய்ச் சம்பலும் தந்தார்கள். பாண் என்பது நம் ஊர் ரொட்டிதான், ஆனால் நம் ஊர் ரொட்டி மாதிரி காய்ச்சல்காரர் சாப்பாடு இல்லை. சம்பல் அதற்கு உயிர் கொடுத்துவிடுகிறது. என் பேச்சைக் கேட்டதும் கடைக்காரர், "இந்தியாவா? சுனாமிக்கு வந்த ஆக்களா?" என்றார். சுனாமி வந்து அஞ்சு வருஷம் ஆச்சே என்றேன்.

"அதுக்கென்ன, இன்னும் வாறாங்கதானே. அந்த நேரம் நான் கடலோரம் கல்லடியில கடை வச்சிருந்தன். எனக்கு ஒரு வள்ளம் தந்தாங்க. நான் தேத்தண்ணி ஊத்திறவன், கடல்ல இறங்கினதே இல்ல. வேணாம் எண்டு சொன்னன். கேக்கல்ல. வள்ளத்துக்குப் பக்கத்தில நில்லுங்க, படம் எடுக்கணும் எண்டாங்க."

"வள்ளம் இப்ப எங்கே?"

"பின்னால கிடக்கு. கோழி அடைச்சிருக்கன்."

சிரித்துவிட்டேன். எங்கள் கடற்கரையிலும் இதுதான் நடந்தது. வெயிலில் வெந்துகொண்டிருந்தவர்களுக்குக் கம்பளிப் போர்வை வந்து இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொடுப்பவர் மனசு குளிர்ந்தால் போதும், வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

நான் எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் சேர்ந்து பிச்சாவரம் பக்கம் வாய்க்கால்களில் சிக்கிய பிளாஸ்டிக்கை அள்ளுவோம், அலையாத்திக் கன்று நடுவோம். சுனாமிக்கு மறு வருடம் அங்கே நடந்த ஒரு பயிற்சிக்கு இலங்கையிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி சுகந்தி. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தாதி. என் வீட்டில் தங்கினாள், என் சாம்பாரைக் குடித்துவிட்டு இது கறியா சொதியா என்று கேட்டாள். அன்றிலிருந்து போனில் பேச்சு.

மார்கழியில் ஒருநாள் கூப்பிட்டாள். "டீச்சர், பூங்கா கட்ட எங்கட காட்டை வெட்டப் போறாங்க. அதைப் பத்திக் கதைக்க ஒரு கூட்டம் வச்சிருக்காங்க. நீங்க வரணும்."

"நான் வந்து என்ன பண்றது? நான் தமிழ் வாத்தியார்."

"அது எங்களுக்குத்தான் தெரியும். நாங்க சொன்னாக் கேக்க மாட்டாங்க. இந்தியாவில இருந்து ஒராள் வந்து சொன்னாக் கேப்பாங்க."

எனக்கு முதல் கோபம் அங்கே வந்தது. தன் ஊர் மரத்தை வெட்டாதே என்று சொல்ல ஒருத்திக்குக் கடல் கடந்து ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. பொங்கல் விடுமுறையோடு சேர்த்து விடுப்புப் போட்டேன்.

வேறு பஸ் வந்து, அதில் நின்றுகொண்டே போய், மட்டக்களப்பில் இறங்கியபோது சுகந்தி காத்திருந்தாள். ஆரையம்பதியில் அவள் வீடு. மதியம் பச்சரிசிச் சோறும், நண்டுக் கறியும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரும். தயிரில் பாணி என்கிற வெல்லப்பாகை ஊற்றித் தந்தாள். நாங்கள் தயிருக்கு உப்புப் போடுகிற சாதி. முதல் கரண்டியிலேயே கட்சி மாறிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காட்டுக்குப் போனோம்.

காடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஊருக்கு நடுவில், வாவி என்று அவர்கள் சொல்லும் காயல் ஓரத்தில், பள்ளிக்கூட மைதானம் இரண்டு சேர்ந்த அளவு. தண்ணீர் ஓரமாகக் கண்ணா மரங்கள். சேற்றில் காலூன்றி நிற்கும் அந்த வேர்களைப் பார்த்ததும் நம் அலையாத்தி உறவு என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பின்னால் தில்லை. மேட்டில் நாவலும் மருதும் புங்கும். தில்லை மரத்தின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற ஊரிலிருந்து வருகிறேன் நான். எங்கள் ஊருக்குள் ஒரு தில்லை மரம் பார்க்க வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டும். இங்கே அடர்ந்து நின்றது, ஒவ்வொரு மரத்திலும் கூடு. நீர்க்காகம், கொக்கு, இராக்கொக்கு. தாய்ப் பறவைகள் வாவிக்கும் மரத்துக்குமாகப் பறந்துகொண்டிருந்தன. குஞ்சுகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்கவில்லை. கீழே நாற்றம் மூக்கைத் துளைத்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணாந்து வாயைப் பிளக்காதீங்க டீச்சர் என்று சுகந்தி தலையில் போட ஒரு பழைய குடையைத் தந்தாள்.

இந்தக் காடு பிழைத்த கதை அசிங்கமான கதை. போர்க்காலத்தில் வாவியோரமாக ஒரு ஆமி காம்ப் வந்தது. யாரும் ஒளிந்து வரக்கூடாது என்று கரை நெடுக மரங்கள் வெட்டப்பட்டன. இந்தத் துண்டு மட்டும் காம்பின் முள்கம்பிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. விறகுக்கு யாரும் வரவில்லை, வலை போட யாரும் வரவில்லை, குப்பை கொட்டக்கூட யாரும் வரவில்லை. சுட்டுவிடுவார்கள் என்று மனிதர்கள் பயந்து விலகிய இடத்தில் பறவைகள் குடியேறின. போர் முடியும் தறுவாயில் முன்பாதிக் காட்டிலிருந்து கம்பியைப் பின்னுக்கு இழுத்தார்கள். பின்பாதி இன்னும் கம்பிக்குள் இருந்தது. முன்பாதி திறந்த அன்றே குப்பை லாரி வந்துவிட்டதாம்.

அந்தக் குப்பையை அள்ளத்தான் இவர்கள் சேர்ந்தார்கள். ஞாயிறுதோறும் எட்டுப் பத்துப் பேர் வருகிறார்கள். எப்போதும் வருகிறவர்கள் மூன்று பேர். சுகந்தி ஒருத்தி. ஏறாவூரில் மீன்வலை விற்கும் நஸீர் காக்கா இன்னொருவர்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். தன் தோணியை எடுத்துக்கொண்டு வந்து, கண்ணா வேர்களில் சிக்கிக் கிடக்கும் நைலோன் வலைகளை வெட்டி எடுப்பார். "வலையை விக்கிறதும் நான், அறுக்கிறதும் நான்" என்றார். மூன்றாமவர் ரெஜி அண்ணன். பறங்கியர், போர்த்துக்கீசர் வழி வந்த குடும்பம். தச்சு வேலை செய்கிறவர்.

அன்று நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆத்துவாழை பிடுங்கினேன். நம் ஆகாயத்தாமரைதான், அதே ஊதாப் பூ, அதே சனியன். கரைக்கு இழுத்துப் போட்ட குவியலை எடுத்து மருது, நாவல் கன்றுகளுக்கு மூடாக்குப் போட்டார்கள். வெளியிலிருந்து வந்து பரவும் வேற்று மரக்கன்றுகளை வேரோடு பிடுங்கினார்கள். நடுவே ஒரு நீர்நாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு முங்கியது. நஸீர் காக்கா துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி, அது திரும்ப எழும்பும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது ரெஜி அண்ணனிடம், மரம் அறுக்கிறவர் மரம் நடவும் வருகிறீர்களே என்று வேடிக்கையாகக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"மிஸ், எங்கட வீடு கடல் பக்கம் இருந்தது. சுனாமியண்டு அலை எங்களைத் தூக்கி வாவிக்குள்ள போட்டுட்டுது. எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு வந்து இந்தக் கண்ணா மரத்தில மோதினன். பிடிச்சுக்கொண்டன். பொஞ்சாதிட கை என்ர கையிலதான் இருந்தது. மறுகா இல்ல." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கம்பிக்குள்ள தொங்கிக்கொண்டு கிடந்த என்னை ஆமிக்காரன்தான் இறக்கினவன். அதையும் சொல்லத்தான் வேணும்."

சுகந்தி எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

ஏன் போனாள் என்று அன்று மாலை கல்லடிப் பாலத்தில் நடந்து வரும்போது தெரிந்தது. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். போரின் கடைசி வருடங்களில் ஒருநாள் கடைக்குப் போனவன் திரும்பவில்லை. யார் கொண்டுபோனது என்று தெரியாது. அந்த ஊரில் அப்போது ஆள் கொண்டுபோகிறவர்கள் ஒரு தரப்பு அல்ல. ஆனால் கடைசியாக அவனை இந்தக் காம்புக்கு அருகில் கண்டதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அம்மாவும் சுகந்தியும் காம்ப் வாசலில் போய் நின்றார்கள். இங்கே இல்லை என்றார்கள். திரும்பவும் போனார்கள். திரும்பவும் இல்லை. அம்மா இறந்த பிறகு சுகந்தி போவதை விட்டுவிட்டாள்.

"பிறகு எப்படி அந்த இடத்துக்கே போய்க் குப்பை அள்ளுறே?" என்றேன்.

"கம்பியை இழுத்தாங்கதானே, அண்டைக்கு முதல் ஆளாப் போனன் டீச்சர். உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு பாக்கத்தான் போனன். கிளறிப் பாத்தன். ஒரு செருப்பு, ஒரு சேட்டுத்துணி, ஏதாவது." பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தாள். "மரம் இருந்திச்சு. குருவி இருந்திச்சு. மறுகா ஒவ்வொரு கிழமையும் போனன்."

கூட்டம் மறுநாள் நடந்தது. பூங்கா அமைக்கும் வேலையை எடுத்திருந்த திட்ட அலுவலகத்தில், குளிரூட்டிய அறை. சுவரில் பெரிய வண்ணப்படம். பச்சைப் புல்வெளி, விளக்குக் கம்பங்கள், சிமெந்து அன்னங்கள், வெள்ளைக்கார முகம் கொண்ட ஒரு சோடி வெள்ளை நாயோடு ஓடிக்கொண்டிருந்தது. நிழல் தரும் மரம் ஒன்றுகூட இல்லை. மட்டக்களப்பு வெயிலில் அந்த நாய் ஒரு சுற்று முடிப்பதற்குள் செத்துவிடும்.

பொறுப்பில் இருந்த பொறியாளர் தமிழர்தான், மரியாதையான மனிதர். என்னை எல்லோருக்கும் "இந்தியாவிலிருந்து வந்த நிபுணர்" என்று அறிமுகப்படுத்தினார். மறுத்தேன். தன்னடக்கம் என்று சிரித்தார்கள்.

நான் பார்த்ததைச் சொன்னேன். எங்கள் பக்கம் அலையாத்திக் காடு முன்னால் நின்ற ஊர்களில் கடல் வேகம் குறைந்து வந்தது, காடு இல்லாத ஊர்களில் நேராக வீட்டுக்குள் வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதற்குமேல் படிப்பு வேண்டியதில்லை என்றேன்.

"சரிதான் மிஸ்," என்றார் பொறியாளர். "ஆனா சுனாமி எப்பவோ ஒருக்கா வாறது. அதுக்காகச் சனங்கள் பூங்கா இல்லாம இருக்கேலுமா?"

ரெஜி அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். பொறியாளருக்கு அவர் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயலவும் இல்லை.

எனக்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர்மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்த ஒரு பெண். "நானும் இவ்வளவு காலமும் கம்பியைத்தான் பாத்தன். என்ர பிள்ளை ஒரு ஊஞ்சல்ல ஆடக்கூடாதா? பாம்பும் உடும்பும் கிடக்கிற இடத்தில பிள்ளையை விடேலுமா?" என்றாள். ஊஞ்சலுக்கு மேட்டு நிலத்தில் இடம் இருக்கிறது, நாவல் மர நிழலில் போடலாம், எங்கேயென்று அளந்துகூட வைத்திருக்கிறோம் என்று சுகந்தி சொன்னாள். அந்தப் பெண் சரியென்று தலையாட்டினாள். பொறியாளர் தலையாட்டவில்லை. வண்ணப்படத்தில் நாவல் மரம் இல்லையே.

கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார். குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தில் கை வைக்க மாட்டோம். பிறகு பேசலாம். கேக்கும் பழரசமும் வந்தன. நிபுணரோடு சேர்ந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நஸீர் காக்கா, "கேக் நல்லா இரிக்கி. அதான் பயமா இரிக்கி" என்றார்.

அவர் பயந்தது சரி. மறுநாள் போயா நாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாடு முழுக்க விடுமுறை. அலுவலகம் எதுவும் திறக்காது, முறைப்பாடு சொல்ல ஒரு கதவு இருக்காது. காலையில் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தபோது சுகந்தியின் போன் அடித்தது. நஸீர் காக்கா. தோணியில் போய்க்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டுக் கரைக்கு வந்திருக்கிறார். மெஷின் வாள் சத்தம்.

பாலத்தில் எங்கள் ஆட்டோவை ஒரு சுற்றுலாக் கூட்டம் மறித்தது. போர் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஊர் பார்க்க வருகிறார்கள். நடுப்பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தி இறங்கி ஓடினாள். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முன்பாதித் தில்லை மரங்கள் ஏறக்குறைய எல்லாம் தரையில் கிடந்தன. மரம் விழுந்த இடமெல்லாம் கூடுகள் சிதறி, நீலப்பச்சை முட்டைகள் உடைந்து, குஞ்சுகள். இறகு முளைக்காத குஞ்சுகள், பாதி முளைத்த குஞ்சுகள், கழுத்தை நீட்டி நீட்டி வாயைத் திறந்தன. மேலே தாய்ப் பறவைகள் சுற்றிச் சுற்றிப் பறந்தன. இறங்க இடமில்லை. நான் அதிகம் கெட்ட வார்த்தை பேசாதவள். அன்று சிதம்பரம் கீழவீதியில் கற்றதெல்லாம் வாயில் வந்தது.

வாள் பிடித்திருந்தவன் நிறுத்தவில்லை. சத்தத்தில் நான் திட்டியது அவனுக்குக் கேட்கவும் இல்லை. அடுத்த மரத்தில் வாளை வைத்தான். தில்லைக்குப் பால் உண்டு. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாளின் வேகத்தில் பால் தெறித்தது. அவன் வாளைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் உருண்டான்.

எனக்குள் ஒரு குரல், நல்லா வேணும் என்றது. சொல்லுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. சுகந்தி அதற்குள் அவன் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டிருந்தாள்.

"கையை எடு. கண்ணைத் திற. திற எண்டுறன். டீச்சர், தண்ணி. நல்ல தண்ணி கொண்டு வாங்க. வாவித் தண்ணி வேணாம்."

எதிர் வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்தோம். அவள் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஊற்றிக்கொண்டே திட்டினாள். "என்ன மரமெண்டு தெரியாமலா வெட்ட வந்தாய்? குஞ்சு கத்திறது கேக்கல்லையா? ஊரில பிள்ளையள் இல்லையா உனக்கு?"

"இருக்கு அக்கா," என்றான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிராமம். அகதி முகாமிலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியவன். "இண்டைக்கே முடிக்கச் சொன்னாங்க. நாளைக்கு வந்தா ஆரும் மறிப்பாங்களாம்." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அக்கா, எனக்குக் கண் தெரியுமா?"

"தெரியும். அசையாத."

அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சாயந்திரம் அவனுக்கு மங்கலாகப் பார்வை வந்துவிட்டது என்று சொன்னாள். அவனை வேலைக்கு அனுப்பியவர்கள் யாரும் வந்து பார்க்கவில்லை. பொறியாளரின் போன் அன்று முழுக்க அணைத்துக் கிடந்தது.

வாள் நின்றுவிட்டதால் நாங்கள் குஞ்சு பொறுக்கினோம். ரெஜி அண்ணன் பட்டறையிலிருந்து மரப்பெட்டிகளும் சீவல் தூளும் கொண்டுவந்தார். நஸீர் காக்கா சந்தையிலிருந்து பொடி மீன் கொண்டுவந்தார். நேற்றுக் கூட்டத்தில் ஊஞ்சல் கேட்ட பெண் வந்தாள். இடுப்புப் பிள்ளையை இறக்கி மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், முந்தானையில் குஞ்சுகளை அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தாள். இராக்கொக்குக் குஞ்சுகள் எங்கள் கையைக் கொத்தின, தின்ற மீனை எங்கள் மேலேயே கக்கின. இருட்டுவதற்குள் நிறைய செத்துப்போயின. கொஞ்சம் பெரிய குஞ்சுகளை ரெஜி அண்ணன் ஏணி போட்டுக் கம்பியோரத்து மரங்களின் கூடுகளில் விட்டார். சில தாய்கள் சேர்த்துக்கொண்டன. பல, கொத்தித் தள்ளிவிட்டன.

அன்றைக்குத்தான் சண்டை வந்தது, எங்களுக்குள்.

முன்பாதிக் காடு போய்விட்டது. மிச்சமிருந்த கூடுகளெல்லாம் கம்பிக்கு உள்ளே, காம்பின் நிலத்தில் நின்ற பின்பாதி மரங்களில். அதையும் அந்த வாரமே விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. விட்டால் அடுத்த நாள் வாள் வரும்.

"காம்ப் பெரியவரிட்டப் போய்க் கேப்பம்," என்றார் ரெஜி அண்ணன். "குஞ்சு பறக்கிறவரைக்கும் கம்பியை எடுக்காதீங்க எண்டு."

சுகந்தி அவரைப் பார்த்தாள். "ஆமிக்காரனைப் போகாத எண்டு நான் போய்க் கேக்கணுமா?"

"போகாத எண்டு இல்ல, சுகந்தி. கொஞ்ச நாள்."

"எங்கட காணியை வச்சிரு எண்டு. அந்த வாசல்ல போய். நான்."

நஸீர் காக்கா, தங்கச்சி கோவிக்காதே என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நான் போய் அந்தத் திட்ட அலுவலகத்து வாசலில் நின்று கத்துகிறேன், பத்திரிகைக்காரரைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"நீங்க கத்திட்டு பிளேன் ஏறிருவீங்க டீச்சர்," என்றாள் சுகந்தி. கோபமில்லாமல்தான் சொன்னாள். "நாங்கதான் இஞ்ச இருக்கணும்."

நான் குனிந்து, பெட்டியில் வாயைத் திறந்துகொண்டிருந்த குஞ்சுக்குப் பொடி மீன் ஊட்டினேன்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது அவள் வெள்ளைச் சேலை கட்டித் தயாராக நின்றாள். வேலைக்கா என்றேன். "வாசலுக்கு" என்றாள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு உள்ளே போக முடியாது என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சிங்களம் தெரிந்த ரெஜி அண்ணன் அவளோடு போனார். காவலுக்கு நின்ற பையன் இன்னொருவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். "குருவி அக்கா வந்திருக்கிறா" என்று சொன்னதாக ரெஜி அண்ணன் பிறகு சொன்னார். இத்தனை ஞாயிறும் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். நடைபாதைக் கற்களுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அந்தச் சுத்தத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு கல்லை எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு வெயிலில் நின்றேன்.

அவர்கள் வெளியே வந்தபோது ரெஜி அண்ணன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சுகந்தியின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஒரு மாசம் தாறாங்களாம்," என்றாள். "குஞ்சு பறக்குமட்டும் கம்பியை எடுக்க மாட்டாங்க."

என்னோடு வாசலில் காத்திருந்த நஸீர் காக்கா அல்ஹம்துலில்லாஹ் என்றார். நாங்கள் பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். அங்கே வந்த பிறகுதான் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"மற்றதையும் கேட்டன் டீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

"இப்ப இருக்கிற ஆக்கள் புதுசாம். அந்தக் காலத்து விசயம் அவங்களுக்குத் தெரியாதாம்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "நல்ல மனிசன். தேத்தண்ணி தந்தார். கம்பிக்குள்ள எத்தின கூடு இருக்கெண்டு கேட்டார். ஒண்டும் விடாம எண்ணித் தரச் சொன்னார். ஒரு கூடும் காணாமப் போகாமப் பாத்துக்கொள்ளுவாராம்."

பஸ் வந்தது. ஏறினோம். ஆரையம்பதிவரை அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, வலிக்கும்படி பிடித்திருந்தது.

அதற்கு மறுநாள் நான் புறப்பட்டேன். பிறகு நடந்ததெல்லாம் போனில் கேட்டது. காம்ப் அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குஞ்சுகள் பறந்தன. கம்பி பின்னுக்குப் போனது. பின்பாதிக் காட்டிலும் பாதியை வெட்டினார்கள். மீதிப் பாதி, ஊஞ்சல் கேட்ட பெண் தன் தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து நின்றதால் நின்றது. புல்வெளி முதல் கோடையிலேயே கருகிவிட்டது. சிமெந்து அன்னம் இருக்கிறது. கண்ணில் பால் பட்டவன் இப்போது ரெஜி அண்ணனின் பட்டறையில் வேலை செய்கிறான். பறவைகள் அடுத்த வருடம் வந்தன, முன்னைவிடக் குறைவாக.

காம்ப் போகவில்லை. கொஞ்சம் சுருங்கி, றோட்டோரத்து வாசலோடு அங்கேயே இருக்கிறது. சுகந்தி ஞாயிறுதோறும் காட்டு வேலையை முடித்துக்கொண்டு, சேற்றுக் காலோடு அந்த வாசலுக்குப் போகிறாள். மரத்தைப் பற்றி இப்போது கேட்பதில்லை. தம்பியின் பெயரைச் சொல்லி, எங்கே என்று கேட்கிறாள். தெரியாது என்கிறார்கள். சரி, அடுத்த கிழமை வாறன் என்று சொல்லிவிட்டு வருகிறாள். முதல் சில வாரம் காவல் பையன்கள் குருவி அக்கா என்று சிரித்தார்களாம். இப்போது அவள் வருவதைக் கண்டால் எழுந்து நிற்கிறார்களாம்.